ஓரியைக் கொன்றவன் பக்கம்

வீடியோ கேம்களுக்குக் கதை எழுதுவது என் தொழில். அதிலும் ஆர்பிஜி என்ற வகை. ஆடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, யாரோடு சேர்வது, யாரைக் கைவிடுவது என்பதைத் தானே முடிவு செய்தபடி நாற்பது ஐம்பது மணி நேரம் அந்த உலகத்தில் வாழ்வார். எந்தக் கேமை எடுத்தாலும் எழுத்தாளர்கள் கூடிப் பேசும்போது ஒரு கேள்வி வந்தே தீரும்: வில்லன் பக்கம் சேர வழி வைக்கலாமா? வைத்தால் அதில் பொருள் இருக்குமா, இல்லை கொஞ்ச நேரக் குறும்பாக முடிந்துவிடுமா? இதுவரை வந்த கேம்களில் பெரும்பாலானவற்றில் அதற்குப் பொருள் இல்லை என்றுதான் நான் சொல்வேன். ஆனால் பொருள் இருக்க முடியும். அதற்கு எவை எவை வேண்டும் என்பதைக் கொல்லிமலையில் நடந்த ஒரு கொலையை வைத்தே சொல்லிவிடலாம். அந்தக் கொலையைப் பற்றிச் சங்கப் புலவர்கள் பாடிய விதத்தில் எங்கள் தொழிலுக்கு வேண்டிய பாடம் முழுவதும் இருக்கிறது.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் செம்மேட்டுக்குப் போனால் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆடி மாதத்தில் அரசே அவன் பெயரில் விழா எடுக்கிறது. வன்பரணர் பாடிய புறநானூற்றின் 152ஆம் பாட்டில் ஒரு வேட்டுவன் விடும் ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் கடந்து, புற்றருகே கிடந்த உடும்பில் போய்த் தைக்கிறது. அந்த வேட்டுவன் ஓரி. தன்னைப் பாட வந்த பாணர்களுக்கு வாரிக் கொடுத்தவன், கடையெழு வள்ளல்களில் ஒருவன். அவனைக் கொன்றவன் திருக்கோவலூரையும் முள்ளூர் மலையையும் ஆண்ட மலையமான் திருமுடிக்காரி. கொன்றுவிட்டு, பலா மரங்கள் நிறைந்த கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்கிறது கல்லாடனார் பாடிய அகநானூற்றின் 209ஆம் பாட்டு. கொல்லியில் நின்று பார்ப்பவருக்குக் கதை இவ்வளவுதான்: நல்லவன் ஒருவன் இருந்தான், வெளியிலிருந்து வந்தவன் அவனைக் கொன்று மலையை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டான். ஒரு கேமுக்கு வில்லன் வேண்டுமென்றால் காரியைவிடப் பொருத்தமானவன் கிடைக்க மாட்டான்.

ஆனால் திருக்கோவலூரில் நின்று பார்த்தால் கதை இன்னும் முன்னதாகவே தொடங்குகிறது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி கோவலூரை அழித்தான். ஔவையார் புறநானூற்றின் 99ஆம் பாட்டில் அந்த வெற்றியைப் புகழ்கிறார். ஊரை இழந்த காரி சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையைச் சார்ந்தான். அவனுக்காகவே ஓரியோடு போரிட்டான். கொல்லி கைக்கு வந்த பின் சேரன் தகடூரை வென்றான். தனித்தனிப் பாடல்களை இணைத்துத் தமிழறிஞர்கள் தரும் வரிசை இது. அதியமானையும் அவனுக்குத் துணை வந்த இரு பெருவேந்தரையும் சேரன் கொல்லிக் கூற்றத்திலேயே வென்றான் என்று பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துக்குரிய பதிகமும் சொல்கிறது. இப்படிப் பார்த்தால் காரி சேரன் பக்கம் போனதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அவனிடமிருந்து ஊர் பறிக்கப்பட்டது. அதை மீட்டுத் தரும் வலிமை ஒருவனிடம் இருந்தது. அந்த உதவிக்கு விலை இன்னொருவனின் உயிர். இந்த மூன்றும் ஒரே இடத்தில் கூடினால்தான் எதிரணியில் சேர்வதற்குப் பொருள் வருகிறது. இழப்பும் இல்லாமல், கடனும் இல்லாமல், ‘கெட்டவனாக இரு’ என்று ஒரு பொத்தானை மட்டும் கொடுத்தால் அதில் சேருவதற்கு என்ன இருக்கிறது?

பெரிய கேம்கள் பல அந்தப் பொத்தானோடு நின்றுவிட்டன. 2008இல் வந்த ஃபால்அவுட் 3இல் மெகாட்டன் என்ற ஊரின் நடுவில் வெடிக்காத அணுகுண்டு ஒன்று கிடக்கிறது. அதை வெடிக்கவைத்து ஊரையே அழித்தால் கொஞ்சம் பணமும் சொகுசுக் கட்டடத்தில் ஓர் அறையும் கிடைக்கும். வெடிக்கவைக்கச் சொல்லிக் கேட்பவர் தரும் காரணம், தொலைவிலுள்ள அந்தக் கட்டடத்தின் மாடியிலிருந்து பார்க்கும் பணக்காரருக்கு ஊர் கண்ணை உறுத்துகிறது என்பது. குண்டு வெடிக்கும் காட்சி கண்ணைப் பறிக்கும், சந்தேகமில்லை. ஆனால் அதைச் செய்பவர் யார் என்ற கேள்விக்குக் கேமிடம் பதிலே இல்லை. அந்த ஊரால் அவருக்கு ஒரு தீங்கும் நேரவில்லை, கேட்டவருக்கு அவர் பட்ட கடனும் இல்லை. அதனால் அது பாத்திரம் எடுத்த முடிவாக அமையவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஆடுபவரின் விளையாட்டுப் புத்தி எடுத்த முடிவாகவே அமைந்தது. ஒரு பாத்திரத்தின் உள்ளே புகுந்து வாழ்வதற்காகவே இருக்கும் கலை, கதையின் மிகப் பெரிய செயல் நடக்கும் நேரத்தில் அந்தப் பாத்திரத்தைக் காணாமல் போகவிடுகிறது. வில்லன் பக்கம் சேர்வதில் பொருள் இல்லை என்று சொல்பவர்கள் மனத்தில் வைத்திருப்பது இப்படிப்பட்ட கேம்களைத்தான். அந்த அளவில் அவர்கள் சொல்வது சரி.

2023 ஆகஸ்டில் வந்த பால்டர்ஸ் கேட் 3 கைத்திறனில் இதைவிடப் பல மடங்கு உயர்ந்தது. அதன் முதல் பகுதியில், அகதிகள் தஞ்சம் புகுந்த காட்டுத் தோப்பைக் காக்கலாம். அல்லது மின்தாரா என்ற தளபதியோடு சேர்ந்து அந்தத் தோப்பைச் சூறையாடலாம். சூறையாடினால் விலை உண்டு. துணைப் பாத்திரங்களில் வில், கார்லாக் இருவரும் பிரிந்துபோவார்கள். அகதிகள் இல்லாமல் போவதால் பின்பகுதியில் அவர்களோடு வளர வேண்டிய கதைகளும் இல்லாமல் போகும். விளைவைக் காட்டிய வகையில் இது நேர்மையான வேலை. ஆனால் காரணத்தைத் தருவதில் குறை இருக்கிறது. ஆடுபவரின் தலைக்குள் இருக்கும் புழுவுக்கு மருந்து தேடுவதுதான் கதையின் தொடக்க நோக்கம். தோப்பை அழிப்பதால் அது கிடைக்கும் என்று நம்ப வலுவான அடிப்படை எதையும் கதை போட்டுவைக்கவில்லை. மின்தாரா ஆழமாக எழுதப்பட்ட பாத்திரம்தான், ஆனால் அவளை அறிந்துகொள்வதே கொலைக்குப் பிறகு. கொலைக்கு முன்பு அவள் ஓர் அந்நியத் தளபதி. சேர வேண்டிய காரணம் சேர்ந்த பின்னால் வருகிறது. பாதகத்தை முதலில் செய்யச் சொல்லி, உறவைப் பரிசாகப் பின்னால் தருவது வரிசை மாறிய எழுத்து. காரியின் கதையில் இழப்பு முதலில், சார்பு இரண்டாவது, கொலை மூன்றாவது.

இதற்கு நெருங்கி வந்தவை ஒப்சிடியன் நிறுவனத்தின் இரண்டு கேம்கள். 2010இல் வந்த ஃபால்அவுட் நியூ வேகஸில் சீசரின் படை அடிமை முறையை நடத்தும் கொடுங்கூட்டம். ஆடுபவர் அதை முதன்முதலாகச் சந்திப்பது நிப்டன் என்ற ஊரில்; மனிதர்களைச் சிலுவையில் அறைந்து தொங்கவிட்டிருப்பார்கள். எழுத்தாளர்கள் எதையும் மறைக்கவில்லை. பிறகு ரவுல் என்ற துணைப் பாத்திரம் அரிசோனாவின் பழைய நிலையைச் சொல்லும்: வழிப்பறிக் கூட்டங்கள் நிறைந்து கிடந்த நிலத்தில் அந்தப் படை வந்த பின்தான் சாலைகளில் அமைதி வந்தது. ஒரு கொடிய ஆட்சியை மனிதர்கள் ஏன் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதற்கு இதைவிட உண்மையான காரணம் இல்லை. ஆனால் சுமார் 18 மாதங்களில் முடிக்கப்பட்ட அந்தக் கேமில், சீசரின் ஆட்சியில் உள்ள நிலப்பகுதிகளைக் காட்ட நேரம் இருக்கவில்லை. அமைதியான சாலைகளைப் பற்றிக் காதால் கேட்கிறோம். அந்தச் சாலையில் நாம் நடப்பதே இல்லை. கண்ணால் கண்ட சிலுவைக்கு எதிரே காதால் கேட்ட நியாயம் நிற்காது. 2016இல் வந்த டிரனி வேறு வழி எடுத்தது. அங்கே கொடுங்கோலர் ஏற்கெனவே வென்றுவிட்டார். ஆடுபவர் அந்த ஆட்சியின் அதிகாரிகளில் ஒருவர். சேரலாமா என்ற கேள்வியே எழாது. உள்ளே இருந்துகொண்டு சட்டத்தை எப்படிப் பயன்படுத்துவது, யாரைத் தப்பவிடுவது, எங்கே கண்டும் காணாமல் இருப்பது என்பதே கதை. தீமையின் பக்கம் நிற்கும் பெரும்பாலான மனிதர்களின் வாழ்க்கை உண்மையில் இப்படித்தான் இருக்கிறது.

காரணம் மட்டும் போதாது, எல்லையும் வேண்டும் என்பது என் இரண்டாவது வாதம். இதைத் தமிழருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விடிய விடியக் கர்ண மோட்சம் பார்த்து வளர்ந்த மண் இது. துரியோதனன் அங்க நாட்டைக் கொடுத்தது போருக்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பு, அரங்கில் எல்லோரும் கர்ணனின் பிறப்பைக் கேட்டு அவமதித்த நேரத்தில். பிறகு கண்ணனும் குந்தியும் வந்து பக்கம் மாறச் சொல்கிறார்கள். அரசு கிடைக்கும், தம்பியர் கிடைப்பார்கள், தாய் கிடைப்பாள். கேம் மொழியில் சொன்னால், மொத்தக் கதையிலும் மிகப் பெரிய பரிசு நல்லவர்கள் பக்கத்தில் காத்திருக்கிறது. கர்ணன் மறுக்கிறான். ஆனால் அர்ச்சுனனைத் தவிர மற்ற நால்வரைக் கொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறான். கம்பனின் கும்பகர்ணன் இன்னும் ஒரு படி மேலே போகிறான்: நீ செய்தது தவறு என்று அண்ணனின் முகத்துக்கு நேரே சொல்கிறான், வீடணன் வந்து அழைத்தபோதும் வர மறுக்கிறான், போருக்குப் போய்ச் சாகிறான். இருவரும் சேர்ந்த பக்கம் தவறான பக்கம், அது அவர்களுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பக்கத்துக்குள் நின்றுகொண்டு மறுத்துப் பேசவும், தனக்கென ஒரு கோடு போட்டுக்கொள்ளவும் அவர்களால் முடிகிறது. கேம்களில் இது அரிது. வில்லன் பக்கம் சேர்ந்துவிட்டால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு வசனத் தேர்விலும் கொடூரத்தைத்தான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் துரோகியாக வெளியேற வேண்டும். உள்ளிருந்து ‘இது வேண்டாம்’ என்று சொல்ல ஒரு வரி கிடைக்காது. ஒரே ஒரு வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு தோற்கும் பக்கத்தில் நிற்க வழியில்லாத கேமில் கர்ணனுக்கு இடமில்லை. கர்ணனுக்கு இடமில்லாத ஆர்பிஜியைத் தமிழர் ஏன் ஆட வேண்டும்?

மூன்றாவது தேவை, செய்த காரியத்தை உலகம் மறக்காமல் இருப்பது. இங்கேதான் கபிலரிடம் நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டும். நற்றிணையின் 320ஆம் பாட்டு போர்ப்பாட்டே இல்லை, அகப்பாட்டு. ஊரில் எழுந்த ஆரவாரத்துக்கு உவமை தேடும் இடத்தில், ஓரியைக் கொன்றபின் அவனுடைய ஒப்பற்ற பெருந்தெருவில் காரி நுழைந்தபோது எழுந்த ஆரவாரம் வருகிறது. காரியைப் புறநானூற்றில் 121 முதல் 124 வரை நான்கு பாட்டுகளில் பாடியவரும் கபிலர்தான். பரிசிலுக்குப் பாடிய வள்ளல் என்பதற்காக அந்தத் தெருவை அவர் மறைத்துவிடவில்லை. அந்தத் தெருவுக்காகக் காரியின் கொடையை மறுக்கவும் இல்லை. சிறுபாணாற்றுப்படை வள்ளல்கள் எழுவரையும் வரிசைப்படுத்தும்போது, காரி என்ற குதிரையையுடைய காரியோடு ஓரி என்ற குதிரையையுடைய ஓரி போரிட்டதைச் சொல்லிவிட்டே இருவரையும் அந்த எழுவரில் வைக்கிறது. கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒரே பட்டியலில். நற்புள்ளி இத்தனை, தீப்புள்ளி இத்தனை என்று ஓர் அளவுகோலில் ஒரு மனிதனைக் கூட்டிக் கழிக்கும் கேம்களால் இதைச் செய்ய முடியாது. கழித்தால் மிச்சம் பூஜ்யம் வரும். கபிலருக்கோ இரண்டும் முழுதாகவே இருந்தன.

அந்தத் தெருவை ஒரு குவெஸ்டாக, அதாவது ஆடுபவர் செய்து முடிக்க வேண்டிய ஒரு பணியாக, எழுதுவது எப்படி என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஆடுபவர் முள்ளூரிலிருந்து வந்த ஒரு குதிரைவீரன் என்று வைத்துக்கொள்வோம். கேமின் முதல் இரண்டு மணி நேரமும் கோவலூரில். வீடு, தங்கை, பெண்ணையாறு, பிறகு அதியமானின் படை வைத்த தீ. அதன்பின் சேரன் பாசறை. அடுத்து, போருக்கு முன்பே ஒரு முறை கொல்லிக்குப் போக வேண்டிய வேலை: பாணர் கூட்டத்தோடு சேர்ந்து உளவு பார்க்க மலையேறுகிறான், தெருவில் தேன் விற்பவள் விலை சொல்கிறாள், சிறுவன் பலாச்சுளை நீட்டுகிறான், யாரென்று கேட்காமலே ஓரி பரிசில் தருகிறான். இந்த ஒவ்வொருவருக்கும் நிரலில் ஒரு குறி வைக்கப்படும். அதை நாங்கள் ஃப்ளாக் என்போம். தேன் வாங்கினானா, பரிசிலைப் பெற்றானா, பெயரைப் பொய்யாகச் சொன்னானா என்று அது நினைவில் வைத்துக்கொள்ளும். போர் முடிந்து காரியின் பின்னால் அதே தெருவில் நுழையும்போது சண்டை இருக்கக் கூடாது, திரையில் அம்புக்குறி கூடாது, பரிசுப் பட்டியலும் கூடாது. குதிரையை மெல்ல நடத்துவது மட்டுமே ஆடுபவரின் வேலை. தேன் வாங்கியிருந்தால் அவள் அவனை அடையாளம் காண்பாள். பொய்ப்பெயர் சொல்லியிருந்தால் அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடுவாள். பாணர் யாழை உறையில் இடுவர். தெருக்கோடியில் காரி மலையைச் சேரனிடம் ஒப்படைப்பான். வென்ற மலை நமக்கென்று எண்ணியிருந்த ஆடுபவரிடம் மிஞ்சுவது, கோவலூருக்குத் திரும்பலாம் என்ற வாக்கு ஒன்றுதான். இத்தனைக்கும் புதிய வரைபடம் தேவையில்லை. ஏற்கெனவே செய்த தெரு, ஏற்கெனவே செய்த ஆட்கள், சில டஜன் வரி வசனம், எட்டுப் பத்து ஃப்ளாக்.

செலவைப் பற்றிச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த வாதத்துக்கு வரும் முதல் மறுப்பே பணம்தான். மாஸ் எஃபெக்ட் கேம்களை ஆடியவர்களில் சுமார் 92 சதவீதம் பேர் நல்வழியையே தேர்ந்தெடுத்தார்கள் என்று, அதில் பணியாற்றிய முன்னாள் வடிவமைப்பாளர் ஒருவர் 2020இல் பொதுவெளியில் சொன்னார். நூற்றுக்கு எட்டுப் பேருக்காக எழுதுவது வீண் என்று தயாரிப்பாளர்கள் இந்த எண்ணைக் காட்டுவார்கள். நான் அந்த எண்ணை வேறு விதமாகப் படிக்கிறேன். அங்கே தரப்பட்ட கடுவழி பெரும்பாலும் அதே வேலையை முரட்டுத்தனமாகச் செய்வது. நோக்கமும் முடிவும் ஒன்றாக இருக்கும்போது, காரணமில்லாமல் முரடாக இருக்கப் பெரும்பாலோர் விரும்பவில்லை. மனிதர்கள் இயல்பாகவே அப்படித்தான். காரணம் தரப்பட்டிருந்தால் எத்தனை பேர் போயிருப்பார்கள் என்பதை அந்த எண் சொல்லாது. அது மட்டுமின்றி, போகாதவர்களுக்கும் அந்த வழி வேலை செய்கிறது. சேரனின் அழைப்பு உண்மையானதாக, ஏற்கத்தக்கதாக இருந்தால்தான், அதை மறுத்துத் தோற்கப்போகும் ஓரியின் பக்கம் நிற்பதில் ஒரு மதிப்பு இருக்கும். மூடிய கதவின் முன் நின்று ‘நான் உள்ளே போகவில்லை’ என்பதில் பெருமை என்ன? பால்டர்ஸ் கேட் 3இன் தயாரிப்பாளர்களே 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஏழாவது திருத்தத்தில் தீய முடிவுகளுக்கென்று புதுக் காட்சிகளைச் சேர்த்தார்கள். சிறுபான்மையினர் எடுக்கும் வழியும் முழுமையாக முடிய வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்ததாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது மறுப்பு கனமானது: தீயவனுக்குக் காரணம் கொடுத்தால் தீமைக்கு வெள்ளை அடிப்பதாகாதா? அடிமை முறைக்கும் இனவெறிக்கும் ‘அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு’ என்று இளையவர்களை நினைக்க வைக்காதா? இந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். அதற்குப் பாதுகாப்பும் கபிலரின் தெருவில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். காரணத்தைச் சொல்லிவிட்டு, பாதிக்கப்பட்டவரைக் காட்டாமல் விட்டால் அது வெள்ளையடிப்பு. காரணத்தையும் சொல்லி, அதற்கு விலை கொடுத்தவரின் முகத்துக்கு முன் ஆடுபவரைக் கொண்டுபோய் நிறுத்தி, அவர் பேசுவதை முழுதாகக் கேட்கவைத்தால் அது அறிவு. காரணத்துக்கும் மன்னிப்புக்கும் நடுவே உள்ள தூரத்தை ஒருவர் தன் கையால் செய்து அறிவது இந்தக் கலையில் மட்டுமே நடக்கும். நாவலில் காரி கொல்வதைப் படிக்கிறோம். கேமில் நாமே கொல்கிறோம். அந்த வலிமையைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு வரம்பும் உண்டு: பிறப்பைக் காரணமாக்கி மனிதரை அழிக்கும் கூட்டத்தில் சேர்வதை, இரு தரப்பு நியாயங்களில் ஒன்றாக நான் எழுத மாட்டேன். நாட்டுக்காக, ஊருக்காக, உறவுக்காக மனிதர் தவறான பக்கம் நிற்பதற்குத் துயரமான காரணங்கள் உண்டு. ஒரு சாராரை மனிதரே இல்லை என்று சொல்வதற்கு அப்படி ஒரு காரணம் கிடையாது.

மூன்றாவது மறுப்பு ஆடுபவர்களிடமிருந்தே வரும். காரணம் எங்களுக்குத் தேவையில்லை, சும்மா கெட்டவனாக இருந்து பார்க்க விடுங்கள் என்பார்கள். அந்த ஆசையில் தவறில்லை. ஊரைத் தகர்த்து மகிழ வேறு வகைக் கேம்கள் ஏராளம், அவற்றில் அது நன்றாகவே நடக்கிறது. பாத்திரமேற்று ஆடும் கேம் தரும் வாக்கு வேறு. நீ ஒருவனாக இரு, அவன் கண்ணால் பார் என்பது அந்த வாக்கு. புறநானூற்றின் 125ஆம் பாட்டில் வடமவண்ணக்கன் பெருஞ்சாத்தனார், சோழனுக்குத் துணையாகச் சேரனோடு போரிட்ட தேர்வண் மலையனைப் பாடுகிறார். வென்ற வேந்தன் இவனால் வென்றோம் என்கிறான். தோற்ற வேந்தனும் இவன் வராமல் இருந்திருந்தால் வென்றிருப்போம் என்கிறான். ஒருவன் சேர்ந்த பக்கம் எது என்பதால் இரண்டு பக்கமும் மாறிப்போகிறது, இரண்டு பக்கமும் அதை உணர்கிறது. ஆர்பிஜி ஆடுபவர் கேட்க வேண்டிய இன்பம் இது. காரணமில்லாத கொடுமை இதைத் தராது. கொடுமைக்கு ஆளானவர்கள் திரையிலிருந்து மறைந்துவிட, செய்தவரை அறிந்தவர் என்று அந்த உலகத்தில் யாருமே மிஞ்சுவதில்லை.

இழப்பு, கடன், எல்லை, நினைவு. இந்த நான்கும் இருந்தால் வில்லன் பக்கம் சேர்வதற்குப் பொருள் உண்டு. ஒன்று குறைந்தாலும் அந்தக் கிளையை எழுதாமல் விடுவது நல்லது. டொரண்டோவில் உருவான வெண்பா என்ற கேம் 2023இல் வந்தபோது, ஒரு தமிழ்க் குடும்பத்தின் அடுக்களையை உலகம் முழுக்க ஆடினார்கள். அடுத்து நம் போர்களையும் பூசல்களையும் யாராவது எழுதத்தான் போகிறார்கள். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, ஓரியை வெறும் நல்லவனாகவும் காரியை வெறும் கெட்டவனாகவும் எழுதிவிடாதீர்கள் என்பதுதான். இருவரையும் ஒரே பட்டியலில் வைத்த மொழி இது. கொல்லியின் தெருவில் நுழைபவனுக்குத் தான் ஏன் வந்தோம் என்பதும் தெரிய வேண்டும், தன்னால் என்ன ஆனது என்பதும் தெரிய வேண்டும். அந்த இரண்டையும் ஒரே ஆளின் மனத்தில் ஒரே நேரத்தில் தாங்க வைக்கும் கேமை எழுதிவிட்டால், எதிரணியில் சேர்வது சரியா என்ற கேள்விக்கு எழுத்தாளர் பதில் சொல்ல வேண்டியிராது. ஆடுபவர் தானே சொல்வார், தான் சொன்னதற்குப் பொறுப்பும் ஏற்பார்.